பாம்பன் பாலம் தாண்டும் மருந்துச்சீட்டு

பாம்பன் தீவில் இருக்கும் அக்காள்மடத்தில் ஒருவருக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தனக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு) இருப்பது தெரியவருகிறது என்று வைத்துக்கொள்வோம். மதுரையில் ஒரு மனநல மருத்துவர் மெத்தில்ஃபெனிடேட் எழுதித் தருகிறார். வண்டிச் சாவியைத் தேடி வீட்டைக் கலைப்பது குறைகிறது. தொட்ட வேலை முடிகிறது. ஒருநாள் அந்த டாக்டர் வேறு ஊருக்குப் போய்விடுகிறார். கையில் இன்னும் பத்து மாத்திரை.

பழைய சீட்டைக் காட்டி வாங்கலாமே என்றால், இந்த மருந்தில் அது நடக்காது.

1944இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசோன் உருவாக்கிய மருந்து இது. மூளையின் நரம்பணுக்கள் டோபமைன், நார்அட்ரினலின் இரண்டையும் வெளிவிட்ட கையோடு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அந்த உறிஞ்சலை இது தடுப்பதால் கவனம் ஓர் இடத்தில் நிற்கிறது. டோபமைனைத் தொடுகிற மருந்து தவறான கைக்கும் போகக்கூடும் என்பதால் இந்தியச் சட்டம் இதை 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலும், மருந்து விதிகளின் ‘எக்ஸ்’ அட்டவணையிலும் வைத்திருக்கிறது. சீட்டு இரண்டு பிரதியாக வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். கடையின் பெயரையும் கொடுத்த தேதியையும் சீட்டில் டாக்டர் கையெழுத்துக்கு மேலேயே குறிக்க வேண்டும்.

போனிலோ வீடியோவிலோ டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்கவும் வழியில்லை. 2020 மார்ச் 25இல் வந்த தொலைமருத்துவ நெறிமுறைகள் இந்த வகை மருந்துகளை வெளிப்படையாக விலக்கிவிட்டன. எச்சரிக்கை நியாயமானதுதான். ஆனால் அதன் சுமை முழுக்கப் பாலம் தாண்டி பஸ்ஸில் வருகிறவர் தலையில் விழுகிறது. பல மாதம் ஒரே அளவில் சீராக இருப்பவருக்காவது விதி தளர வேண்டும் என்பது என் கருத்து.

புது டாக்டர் முதல் நாளே பழைய அளவை எழுதிவிட மாட்டார். அதில் தப்பும் இல்லை. எத்தனை மில்லிகிராமில் தொடங்கியது, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், எடை எப்படி இருந்தன என்று அவருக்குத் தெரிய வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்றும் கேட்பார். பழைய ரேங்க் கார்டில் வாத்தியார் எழுதிய ‘கவனம் போதாது’ என்ற ஒரு வரி, ‘இவன் ஒரு இடத்துல உக்கார மாட்டான்’ என்று அம்மா சொல்வது, இரண்டுமே அங்கே சாட்சி. மனஅழுத்தத்துக்கு ஃபுளுவாக்செட்டின் சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்கக் கூடாது. ஏ.டி.எச்.டி.க்கு எழுதப்படும் இன்னொரு மருந்தான அடோமாக்செட்டின் உடலை விட்டு வெளியேறுவதை அது தாமதப்படுத்தும்.

இடைவெளி விழுந்தால் எல்லா மருந்தும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. மெத்தில்ஃபெனிடேட்டின் சாதாரண மாத்திரை மூன்று நான்கு மணி நேரமே வேலை செய்யும்; நிறுத்திய அன்றே பழைய தடுமாற்றம் தெரியும். அடோமாக்செட்டின் அந்தக் கெடுபிடிப் பட்டியலில் இல்லை, ஆனால் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ஏ.டி.எச்.டி.க்குச் சிலருக்குத் தரப்படும் குளோனிடினைத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும்.

ஆகவே பழைய டாக்டரைக் கடைசியாகப் பார்க்கும்போதே சிகிச்சைச் சுருக்கத்தை எழுதி வாங்கிவிடுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு உங்கள் மருத்துவக் குறிப்புகளைப் பெறும் உரிமையைத் தந்திருக்கிறது, தயங்காமல் கேளுங்கள். அருகில் யாரிடம் போவது என்று தெரியாவிட்டால், அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் இருக்கிறது, எண் 14416. மெத்தில்ஃபெனிடேட்டை அங்கே எழுதித்தர முடியாது. ஆனால் அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்று தமிழிலேயே கேட்கலாம், கட்டணம் கிடையாது.