தசையைச் செப்பனிடும் ஒரு மரபணு

உடன்குடி, குலசேகரன்பட்டினம் வட்டாரங்களில் ஓலைக் கூரையைப் புதுப்பிப்போர், மட்கிய ஓலைகளைப் பிரித்தெடுத்த பின்னரே புதியவற்றை வேய்வர். நம் உடலின் தசைகளும் அவ்வாறே வளர்கின்றன. தேய்ந்த புரதங்கள் அகற்றப்பட்டால்தான் புதிய புரதங்கள் சரியான இடத்தில் அமையும். இப்பணியில் பங்கேற்கும் நொதிகளுள் ஒன்று கால்பெய்ன் 3. தசை இழைகளுக்குள் தங்கியிருந்து, பழுதுற்ற புரதங்களைத் துண்டித்து, அவை சிதைக்கப்பட வழி செய்வது இதுவே.

இந்நொதிக்கான மரபணு நம் 15ஆம் குரோமோசோமில் உள்ளது. ரீயூனியன் தீவில் வாழ்ந்த சில குடும்பங்களின் தசைநலிவு நோயை ஆராய்ந்த பிரெஞ்சு அறிவியலாளர்கள், இம்மரபணுவின் பழுதே அதற்குக் காரணம் என்று 1995இல் நிறுவினர். இந்தியாவிலும் இந்நோய் உண்டு. அகர்வால் சமூகத்தினரிடையே இம்மரபணுவில் ஒரே வகையான இரு மாற்றங்கள் மீண்டும் மீண்டும் காணப்படுகின்றன.

நோய் பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலோ இளமையிலோ தொடங்குகிறது. தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றுதல், பேருந்துப் படி ஏறத் திணறுதல், நுனிக்காலில் நடத்தல், தோள்பட்டை எலும்பு இறக்கைபோல் புடைத்தல் ஆகியன அறிகுறிகள். அறிவாற்றல் குறைவதில்லை, இதயமும் பொதுவாகப் பாதிக்கப்படுவதில்லை.

இரத்தத்தில் சிகே அளவு மிகுந்திருப்பதால் இதனைத் தசை அழற்சி என்று கருதிவிட இடமுண்டு. அழற்சிக்கு உதவும் ஸ்டீராய்டு மருந்தோ இந்நோய்க்குப் பயன் தருவதில்லை. நெடுநாள் உட்கொண்டால் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும். ஆகவே மரபணுப் பரிசோதனையை நாங்கள் வலியுறுத்துகிறோம். ஏற்கெனவே ஸ்டீராய்டு உட்கொள்வோர் அதனைத் தாமாக நிறுத்தலாகாது. மருத்துவரின் சொற்படியே படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பெற்றோர் கேட்கும் முதற்கேள்வி, "யாரால் வந்தது?" என்பதே. பெரும்பாலான குடும்பங்களில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பழுதுற்ற பிரதி குழந்தைக்கு வந்திருக்கும். அவர்களோ நலமாகவே இருப்பர். தாயை மட்டும் பழிப்பதற்கு அறிவியலில் இடமில்லை. அத்தகைய பெற்றோர்க்கு ஒவ்வொரு கருவுறுதலிலும் நோய்க்கான வாய்ப்பு 4இல் 1. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் உறவினரை மணந்தவர்கள். ஒரே பழுதை இருவரும் சுமக்கும் வாய்ப்பு இத்தகைய மணங்களில் கூடுகிறது. எனவே இந்நோய் கண்ட குடும்பத்தில் மாமன் மகள், அத்தை மகன் என்று மணம் பேசுமுன் மரபியல் ஆலோசனை பெறுதல் நலம்.

நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆயினும் செய்யக்கூடியவை உண்டு. குதிகால் நரம்பு இறுகாதிருக்க நாள்தோறும் நீட்சிப் பயிற்சியும் களைப்பூட்டாத மிதமான உடற்பயிற்சியும் தேவை. பளு தூக்குதலைத் தவிர்க்க வேண்டும். உடல் எடை கூடாமல் காக்க வேண்டும். அறிகுறிகளைக் கண்டவுடன் வந்தால், நடக்கும் ஆற்றலை நெடுநாள் காக்க எங்களால் உதவ இயலும்.