சொத்தை விற்காத துரை!

மேலூர் பஸ்ஸுக்காக ஒத்தக்கடையில் காத்திருந்த நேரம். எதிரே யானைமலை, எத்தனை பஸ் போனால் எனக்கென்ன என்று படுத்துக் கிடக்கிறது. டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் தானாகவே பேச்சைத் துவக்கினார்.

''இங்கிட்டு மேலூர் வரைக்கும் நெல்லு விளையுதுன்னா யாரால தம்பி? பென்னி குயிக் துரையால! கவர்மென்ட்டு பணம் தரமாட்டேன்னுட்டான். மனுசன் கப்பலேறிப் போயி, சீமையில இருந்த நிலபுலன், பொண்டாட்டி நகை அம்புட்டையும் வித்துல்ல அணையைக் கட்டுனாரு!''

மதுரை, தேனிப் பக்கம் பிறந்த யாருக்கும் இது புதுக் கதை இல்லை. பாட்டி சொன்னது, வாத்தியார் சொன்னது, மேடையில் மைக் பிடித்தவர்களும் சொன்னது.

ஆனால் சார்... பெரியாறு அணைக்கு அவர் சொத்தை விற்கவில்லை!

கோபப்படாதீர்கள். முழுசாகக் கேளுங்கள்.

யார் இந்தத் துரை?

ஜான் பென்னி குயிக் 1841 ஜனவரி 15-ல் புனேயில் பிறந்தவர். அப்பா ராணுவ அதிகாரி. 1849 ஜனவரி 13-ல், பஞ்சாபில் சிலியன்வாலா என்ற இடத்தில் நடந்த சீக்கியப் போரில் அப்பா செத்துப் போனார். அதே களத்தில் பதினேழு வயசு அண்ணனும் போனார். நம்ம ஆளுக்கு எட்டாவது பிறந்தநாள் வர இன்னும் இரண்டு நாள்தான் பாக்கி!

படித்து, ராணுவ இன்ஜினீயராகி, 1860-ல் இந்தியா வந்தார். சென்னை மாகாண மராமத்து இலாகாவில் வேலை. பிற்பாடு சென்னை சட்டசபையிலும் உறுப்பினராக இருந்தார். ஓட்டுக் கேட்டு வீடு வீடாக அலைந்து அல்ல, எல்லாம் நியமனம்தான்! ஆக, மனிதர் சீமை ஜமீன்தாரும் இல்லை, பரம்பரை அரசியல்வாதியும் இல்லை. மாசச் சம்பளக்காரர். உங்களை மாதிரி, என்னை மாதிரி.

நூறு வருஷ ஃபைல்!

பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்பும் யோசனை துரையின் மூளையில் உதித்ததும் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளை அதற்காக முயன்றிருக்கிறார். கையில் காசில்லை, கைவிட்டார். 1808-ல் கால்டுவெல் என்ற கேப்டன் மலையேறிப் பார்த்துவிட்டு 'இது நடக்காத காரியம்' என்று எழுதி வைத்தார். அப்புறம் யார் யாரோ வந்தார்கள், அளந்தார்கள், போனார்கள். ஃபைல் மட்டும் பத்திரமாக இருந்தது!

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். தென்னாட்டில் லட்சக்கணக்கில் ஜனம் செத்தது. அதன் பிறகுதான் ஃபைலுக்கு உயிர் வந்தது. 1882-ல் திட்டம் போடும் பொறுப்பு பென்னி குயிக்கிடம் வந்தது. 1884-ல் அனுமதி. நிலம் திருவிதாங்கூர் மகாராஜாவுடையது என்பதால் 1886 அக்டோபர் 29-ல் குத்தகைப் பத்திரம்: 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், 999 வருஷத்துக்கு! 1887-ல் வேலை ஆரம்பம்.

பணம்? சென்னை அரசாங்கத்துப் பணம். அந்தக் காலத்திலேயே பல பத்து லட்சம். சம்பளக்காரர் ஒருவரின் நகை நட்டில் அடங்குகிற கணக்கா அது? அரசாங்கமும் தர்மத்துக்குச் செய்யவில்லை. தண்ணீர் பாய்ந்தால் தீர்வை வரும் என்று கணக்குப் போட்டுத்தான் செய்தது.

அப்படியானால் துரை என்னதான் செய்தார்?

அங்கேதான் சார் விஷயம். மேற்கே ஓடுகிற ஆற்றை அணை கட்டி மறித்து, மலையில் ஒரு மைலுக்கு மேல் சுரங்கம் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே தள்ளி வைகையில் சேர்க்க வேண்டும். சிமென்ட் இல்லை, சுண்ணாம்பும் சுர்க்கியும்தான். சுற்றிலும் யானைக் காடு. ஆற்றைத் தடுக்கத் தற்காலிகக் கரை போட்டால் வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். மறுபடி போடுவார்கள், மறுபடி போகும். எட்டு வருஷம் இந்தக் கூத்து நடந்து, 1895 அக்டோபர் 10-ல் கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். திட்டம் கைக்கு வந்தபோது பென்னி குயிக்குக்கு வயசு 41. தண்ணீர் திறந்தபோது 54.

நம்ம ஆபீஸில் மூன்று மாசம் ஒரு ஃபைல் நகராவிட்டால் 'நமக்கென்ன வந்தது' என்று டீ குடிக்கப் போய்விடுகிறோம். அவர் பதிமூன்று வருஷம் விடவில்லை!

கதையில் வராதவர்கள்

சொத்துக் கதையில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அதில் துரை மட்டும்தான் தியாகம் செய்கிறார். மலையில் கல் சுமந்தவர்கள் வருவதே இல்லை. காலராவும் மலேரியாவும் கூலிக்காரர்களை வரிசையாக வாரிக்கொண்டு போயின. மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்று ரொனால்டு ராஸ் கண்டுபிடித்ததே 1897-ல். அணை திறந்து இரண்டு வருஷம் கழித்து! எதனால் சாகிறோம் என்று தெரியாமலே செத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு விற்பதற்கு நகையும் இல்லை, நிலமும் இல்லை.

பென்னி குயிக் 1911 மார்ச் 9-ல் இங்கிலாந்தில் கேம்பர்லி என்ற ஊரில் காலமானார். இங்கே லோயர் கேம்ப்பில் 2013-ல் அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். தேனிப் பக்கம் பொங்கலை ஒட்டி வரும் அவர் பிறந்தநாளுக்குப் பானை வைத்துப் பொங்குகிறார்கள். பேரணையில் பிரிகிற கால்வாய்த் தண்ணீர் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கரில் இருபோகத்துக்கும், அதைத் தாண்டி 85,563 ஏக்கரில் ஒருபோகத்துக்கும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். சும்மா கிடைக்கிற மரியாதையா அது?

இத்தனையும் ஒத்தக்கடை பெரியவரிடம் சொன்னேன். டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

''அப்ப, விக்கலேங்குறீக?''

''விக்கலை ஐயா. சம்பளத்துக்குத்தான் வேலை பார்த்தார். ஒழுங்காகப் பார்த்தார்.''

கொஞ்ச நேரம் யானைமலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

''வித்திருந்தா அவரு ஒருத்தரைக் கும்புட்டாப் போதும் தம்பி. இப்ப அங்கிட்டுச் செத்தவுகளையும் சேத்துல்ல கும்புடணும்?''

மேலூர் பஸ் வந்துவிட்டது. என் டீக்கும் அவரே காசு கொடுத்துவிட்டார்.