முன் டயர் தேயுது, தப்பு பின்னாடி: டிரெய்லர் வண்டியோட வீல் அலைன்மென்ட்

(எபிசோடோட திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

காலேஜ்ல மெக்கானிக்கல் படிச்சேன், வேலை பார்க்கிறது ஐடில. தமிழ்நாட்டுல இது ஒரு தனி ஜாதகம், உங்கள்ல பாதிப் பேருக்குப் பழக்கமானதுதான். இன்னைக்கு அந்த மெக்கானிக்கல் பாதிக்குத்தான் வேலை.

என் மாமா ஒருத்தர் டிரெய்லர் டிரைவர். சென்னை துறைமுகத்துல கன்டெய்னர் ஏத்தி, திருச்சி, மதுரை வழியா தூத்துக்குடி போவார். போன மாசம் போன்ல ஒரு கேள்வி கேட்டார்: "மாப்ள, முன் டயர் ஒரு வருஷம்கூட தாங்க மாட்டேங்குது. மூணு தடவை அலைன்மென்ட் பார்த்தாச்சு. நான் ஓட்டுற விதம் சரியில்லைன்னு சொல்லி ஓனர் ஒரு டயர்ல பாதிக் காசை சம்பளத்துல பிடிச்சிட்டார். நிஜமாவே என் தப்பா?"

லாரிக்கான ரேடியல் டயர் ஒண்ணு 20,000 ரூபாய்க்கு மேல. அதனால இது சின்னக் கேள்வி இல்ல. இதுக்குப் பதில் சொல்லணும்னா, அலைன்மென்ட்னா என்னன்னு முதல்ல இருந்து பார்க்கணும்.

வண்டியை முதல்ல மனசுல வரைஞ்சுக்கோங்க

22 சக்கர டிரெய்லர்ங்கறது உண்மையில ரெண்டு வண்டி. முன்னாடி இழுக்கிற வண்டிக்கு பிரைம் மூவர்னு பேர். அதுல முன் அச்சுல 2 டயர், பின்னாடி இன்ஜின் சுத்தற ரெண்டு அச்சுலயும் 4, 4. ஆக 10. அதுக்குப் பின்னாடி டிரெய்லர். அதுல 3 அச்சு, அச்சுக்கு 4 டயர், மொத்தம் 12. ரெண்டையும் இணைக்கிறது ஒரே ஒரு இடம்: டிரெய்லர் அடியில நீட்டிக்கிட்டு இருக்கற கிங் பின், பிரைம் மூவர் முதுகுல இருக்கற ஃபிஃப்த் வீல்ங்கற தட்டுல போய் மாட்டிக்கும்.

இந்த மாதிரி கூட்டு வண்டிக்கு, சரக்கோட சேர்த்து நம்ம நாட்டுல 55 டன் வரைக்கும் அனுமதி. 2018-ல மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தினப்போ, 4 டயர் இருக்கற தனி அச்சுக்கான வரம்பே 10.2 டன்ல இருந்து 11.5 டன் ஆச்சு. அவ்வளவு எடை உட்கார்ந்திருக்கற சக்கரம் ஒரு நூல் அளவு கோணலா இருந்தாலும் அதுக்கு விலை உண்டு.

கார்ல நாம கேட்கற மூணு வார்த்தை

அலைன்மென்ட் சென்டர்ல பிரின்ட் எடுத்துக் கொடுப்பாங்களே, அதுல மூணு வார்த்தை இருக்கும்.

கேம்பர்: வண்டியை முன்னாடி நின்னு பார்த்தா சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ஞ்சிருக்கற கோணம். லாரியோட முன் அச்சு ஒரே இரும்புத் தண்டு. லோடு ஏறினா அது லேசா வளையும், கேம்பர் மாறும்.

கேஸ்டர்: பக்கவாட்டுல இருந்து பார்த்தா, சக்கரம் எந்த அச்சாணியைச் சுத்தித் திரும்புதோ அது பின்பக்கமா சாய்ஞ்சிருக்கற கோணம். சைக்கிளோட முன் ஃபோர்க் சாய்ஞ்சிருக்கே, அதே விஷயம். வளைவு முடிஞ்சதும் ஸ்டீயரிங் தானா நேர் ஆகறதுக்கு இதுதான் முக்கியமான காரணம்.

டோ: மேல இருந்து பார்த்தா முன் சக்கரம் ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்த்து லேசா உள்பக்கம் திரும்பியிருக்கா, வெளிப்பக்கமாங்கறது. டயரைச் சீக்கிரமா தின்றது இதுதான். லாரிக்கு வழக்கமா சில மில்லிமீட்டர் உள்பக்கம் வைப்பாங்க, ஏன்னா ஓடும்போது ரோட்டோட எதிர்ப்பு சக்கரங்களை வெளிப்பக்கம் தள்ளும். சரியான எண் ஒவ்வொரு மாடலோட மேனுவல்லயும் இருக்கும்.

சில மில்லிமீட்டர் தப்பானா என்ன ஆகும்? ஒரு கணக்கு போடலாம். லாரி டயர் விட்டம் சுமார் 1 மீட்டர். மேனுவல் சொன்னதைவிட டோ மொத்தமா 3 மி.மீ. அதிகம்னு வைங்க. ஒரு சக்கரத்துக்கு 1.5 மி.மீ. அதாவது அந்தச் சக்கரம் 1 மீட்டர் உருளும்போதெல்லாம் 1.5 மி.மீ. பக்கவாட்டுல தேய்க்கப்படுது. 1 கிலோமீட்டருக்கு 1.5 மீட்டர். சென்னையிலிருந்து தூத்துக்குடி சுமார் 600 கிலோமீட்டர். ஒரு டிரிப்புக்கு 900 மீட்டர்! முக்கால் கிலோமீட்டருக்கு மேல அந்த டயரை யாரோ பக்கவாட்டுல தார் ரோட்டுல இழுத்துட்டுப் போன மாதிரி.

சரி, மாமா வண்டியில டோவை மூணு தடவை சரி பண்ணியாச்சே? அப்புறமும் ஏன் தேயுது?

அச்சுகள் சண்டை போட்டா

பெரும்பாலான இடத்துல அலைன்மென்ட்னா முன் சக்கரம் மட்டும்தான். ஆனா வண்டியைத் தள்ளறது பின்னாடி இருக்கற ரெண்டு அச்சு. அந்த ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இணையா, வண்டியோட நடுக்கோட்டுக்குச் செங்குத்தா இருக்கணும்.

ரெண்டாவது அச்சோட ஒரு முனை 5 மி.மீ. பின்தங்கியிருக்குன்னு வைங்க. அச்சோட அகலம் சுமார் 2 மீட்டர். அப்படின்னா அந்த அச்சு, முதல் அச்சு போற திசையிலிருந்து கிலோமீட்டருக்கு 2.5 மீட்டர் விலகிப் போகப் பார்க்குது. ஒரே நுகத்தடியில பூட்டின ரெண்டு மாட்டுல ஒண்ணு வேற பக்கம் இழுத்தா வண்டி என்ன ஆகும்? திரும்பும். லாரியும் அப்படித்தான் திரும்பப் பார்க்கும்.

இப்ப வண்டி நேரா போகணும்னா டிரைவர் ஸ்டீயரிங்கை லேசா எதிர்ப்பக்கம் பிடிச்சே ஓட்டணும். பின்னாடி 8 டயர் தள்ளற தள்ளுக்கு முன்னாடி 2 டயர் ஈடு கொடுக்கணும். தேர்ச் சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை கொடுத்துத் திசை திருப்புவாங்க, பார்த்திருப்பீங்க. அந்தக் கட்டை எப்படி நசுங்கித் தேயுதுன்னும் பார்த்திருப்பீங்க. இங்க முட்டுக்கட்டை வேலையை முன் டயர் செய்யுது. அதுவும் 600 கிலோமீட்டரும்.

இதுல ஒரு கொடுமை, தப்பு பின்னாடி, காயம் முன்னாடி. பட்டறைக்குப் போனா "ஸ்டீயரிங் கோணலா இருக்கு"ன்னு சொல்லி ஸ்டீயரிங்கை மட்டும் நேராக்கிக் கொடுத்துடுவாங்க. நம்ம ஆபீஸ்ல எரர் வந்தா, எரர் மெசேஜை மட்டும் மறைச்சுட்டு டிக்கெட்டை குளோஸ் பண்ற ஆளு ஒருத்தர் இருப்பாரே, அதே கதை.

உள்ளங்கை சொல்ற சாட்சி

எங்க தப்புன்னு கண்டுபிடிக்க முதல்ல கம்ப்யூட்டர்கூட வேண்டாம். மாமாகிட்ட நான் சொன்னது இதுதான். வண்டி நின்னு, டயர் சூடு ஆறினதும், ரெண்டு முன் டயர் மேலயும் உள்ளங்கையை டிரைவர் பக்கத்திலிருந்து கிளீனர் பக்கமா தடவிப் பாருங்க. கம்பி ஏதாவது குத்திக்கிட்டு இருக்கான்னு பார்த்துட்டுக் கையை வைங்க. பக்கவாட்டுல தேயற டயர்ல ஒவ்வொரு பட்டனோட ஒரு ஓரம் மழுங்கி, இன்னொரு ஓரம் கூரா நிக்கும். ஒரு திசையில தடவினா வழுக்கும், எதிர்த்திசையில தடவினா கையைப் பிடிக்கும்.

ஒரே திசையில தடவும்போது ஒரு டயர் வழுக்கி, இன்னொரு டயர் கையைப் பிடிச்சா, ரெண்டும் கண்ணாடி பிம்பம் மாதிரி தேய்ஞ்சிருக்கு. அது டோ பிரச்சினை, முன்னாடியே சரி பண்ணலாம். ரெண்டு டயருமே கையைப் பிடிச்சாலோ, ரெண்டுமே வழுக்கினாலோ, ரெண்டும் ஒரே பக்கமா தள்ளப்பட்டிருக்கு. அப்ப சந்தேகப்பட வேண்டியது பின் அச்சுகளை.

மாமா தடவிப் பார்த்தார். ரெண்டுமே பிடிச்சுது. பட்டறையில பின்னாடி அளந்தப்போ, அச்சை முன்பின் நகராம பிடிச்சுக்கற டார்க் ராட் ஒண்ணுல ரப்பர் புஷ் முழுசா போயிருந்தது. பிடிச்ச காசு இன்னும் திரும்பி வரல. ஆனா அடுத்த டயருக்குக் காசு பிடிக்க மாட்டோம்னு சொல்லியிருக்காங்க.

டிரெய்லரையும் அளக்கணும்

இழுக்கிற வண்டி சரியா இருந்தாலும் பின்னாடி வர்றது கோணலா இருக்கலாம். டிரெய்லருக்கு ஸ்டீயரிங் கிடையாது. அது தன்னோட அச்சுகள் எந்தப் பக்கம் பார்க்குதோ அந்தப் பக்கம் போகப் பார்க்கும். மூணு அச்சும் ஒரே அளவு கோணலா இருந்தா, நாய் ஓடும்போது உடம்பைக் கோணிக்கிட்டு ஓடுமே, அப்படி டிரெய்லர் ஒரு பக்கமா ஒதுங்கி வரும். 2 மீட்டர் அகலத்துல 10 மி.மீ. கோணல்னா, கிங் பின்லிருந்து 10 மீட்டர் தள்ளி இருக்கற அச்சு 5 செ.மீ. ஒதுங்கி ஓடும். மூணுல ஒண்ணு மட்டும் கோணல்னா, டிரெய்லர் ஒதுங்கறது குறைவாத்தான் தெரியும், ஆனா டயர்கள் ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டே தேயும்.

அளக்கற முறை எளிமையானது. கிங் பின்லிருந்து முதல் அச்சோட ரெண்டு முனைக்கும் உள்ள தூரம் சமமா இருக்கணும். அப்புறம் முதல் அச்சிலிருந்து மத்த ரெண்டு அச்சுக்கும் ரெண்டு பக்கமும் அளவு ஒண்ணா இருக்கணும். அமெரிக்க லாரித் துறையில வழக்கமா எடுத்துக்கற வித்தியாசம், முதல் அளவுக்கு சுமார் 3 மி.மீ., ரெண்டாவதுக்கு சுமார் 1.5 மி.மீ. அவ்வளவுதான் மன்னிப்பு.

பட்டறைக்குப் போனா எதை முதல்ல

வரிசை முக்கியம். முதல்ல காத்து: எல்லா டயர்லயும் சரியான அழுத்தம். ரெண்டாவது, ஆட்டம்: முன் அச்சோட கிங் பின் (டிரெய்லர் கிங் பின் வேற, இது சக்கரம் திரும்பற அச்சாணி), வீல் பேரிங், டை ராட் எண்ட். தேய்ஞ்ச பாகத்தை வச்சுக்கிட்டு அலைன்மென்ட் பண்ணினா, அடுத்த பள்ளத்துல அது கலைஞ்சிடும். மூணாவது, பட்டை ஸ்பிரிங்கோட யு போல்ட், சென்டர் போல்ட், டார்க் ராட் புஷ். யு போல்ட் லூஸானா சென்டர் போல்ட் அறுந்து அச்சே நகர்ந்துடும். நாலாவது, பின் அச்சுகள். கடைசியாத்தான் முன் சக்கரமும் ஸ்டீயரிங்கும். முன்னாடியிருந்து ஆரம்பிச்சா, பின்னாடி சரி பண்ணதும் முன்னாடி பண்ணின வேலை வீண்.

இன்னொண்ணு. வண்டி இடது பக்கம் இழுக்குதுன்னா உடனே அலைன்மென்ட்னு முடிவு கட்டாதீங்க. மழைத்தண்ணி வடியறதுக்காக ரோடு ஓரத்தைப் பார்த்துச் சரிஞ்சிருக்கும். நாம இடதுபக்கம் ஓட்டறதால எல்லா வண்டியும் லேசா இடதுபக்கம் சரியும். சமதளமா ஒரு இடத்துல ஓட்டிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. இது உங்க காருக்கும் பொருந்தும்.

"நான் டிரெய்லர் ஓட்டப் போறதில்ல, எனக்கெதுக்கு இதெல்லாம்?"னு கேட்கலாம். ஜிஎஸ்டி ரோட்டுல ஒரு டிரெய்லருக்குப் பின்னாடி நீங்க போகும்போது, ரோடு நேரா இருக்கற இடத்துல கவனிங்க. டிரெய்லரோட ஒரு பக்கச் சுவர் மட்டும் உங்க கண்ணுக்குத் தெரியுதா? அப்ப அது கோணிக்கிட்டு ஓடுது, தன் லேனைவிட அதிகமா இடம் எடுக்குது. உள்ளே இருக்கறவர் பல மணி நேரமா ஸ்டீயரிங்கை ஒரு பக்கமா பிடிச்சு அந்த 55 டன்னை நேரா ஓட்டிக்கிட்டு இருக்கலாம். ஹாரன் அடிக்காம, கொஞ்சம் தள்ளிப் போய் இடம் விட்டு ஓவர்டேக் பண்ணுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.