வட்டி ஏறாத வாடகை

வியன்னாவின் பழைய மாநகராட்சிக் குடியிருப்புகள் பலவற்றின் முகப்பில், வீட்டுக் கட்டுமான வரிப் பணத்தில் மாநகராட்சி கட்டியது என்று ஆண்டோடு பெரிய எழுத்தில் பொறித்திருப்பார்கள். நம்மூரில் அந்த இடம் அமைச்சர் பெயருக்கு.

1922-இல் வியன்னா தனி மாநிலமானதும், சொந்தமாக வரி போடும் அதிகாரம் கிடைத்தது. நிதிப் பொறுப்பில் இருந்த ஹூகோ பிரைட்னர் முன்னாள் வங்கி அதிகாரி. கடனின் விலை தெரிந்தவர். மறு ஆண்டே வீட்டுக் கட்டுமான வரி வந்தது. போருக்கு முந்தைய வாடகைதான் அடிப்படை. சின்ன வீட்டுக்குப் பெயருக்கு வரி, பெரிய இடங்களுக்கு விகிதம் ஏறிக்கொண்டே போகும். மேல்தட்டில் இருந்த அரை சதவீத இடங்களே மொத்த வசூலில் ஏறத்தாழ 45 சதவீதத்தைக் கட்டின. கார், வீட்டு வேலையாட்கள் என்று ஆடம்பரத்துக்கும் தனி வரிகள். பொது வரவும் கட்டுமானத்துக்குப் போனது.

கடன் வாங்காததில்தான் சூட்சுமம். 10 லட்ச ரூபாயில் ஒரு வீட்டை 8 சதவீதக் கடனில் கட்டினால், வட்டி மட்டுமே ஆண்டுக்கு 80,000 ரூபாய். அசல் தனியாக இருக்க, மாத வாடகையில் முதல் 6,600 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே சரியாகிவிடும். வியன்னாவில் பராமரிப்புச் செலவை வசூலித்தால் போதும் என்றானது. தொழிலாளி தன் கூலியில் 4 சதவீதம் அளவில் வாடகை கொடுத்தார். 1934-க்குள் 60,000-க்கும் அதிகமான வீடுகள் எழுந்தன. 1930-இல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃபில் மட்டும் 1,382 வீடுகள். சலவைக்கூடம், மழலையர் பள்ளி எல்லாம் வளாகத்துக்குள்ளேயே.

இதை எந்த ஊரிலும் அப்படியே செய்துவிடலாம் என்று சொல்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். போர்க்கால வாடகைக் கட்டுப்பாடு நீடித்ததால் தனியாருக்கு வீடு கட்டுவதில் லாபமில்லை. நிலம் மலிந்தது, மாநகராட்சி வாங்கிப் போட்டது. மத்திய அரசின் வரிப் பங்கு குறைந்ததும் கட்டுமானம் தளர்ந்தது. 1934 உள்நாட்டுச் சண்டையோடு அந்த நிர்வாகமே போயிற்று.

இன்று மாநகராட்சி வசம் சுமார் 2,20,000 வீடுகள் உள்ளன. வீட்டு வசதி நிதிக்குச் சம்பளத்திலிருந்து பிடித்தம் உண்டு. நெடுங்காலம் ஊழியர் அரை சதவீதம், முதலாளி அரை சதவீதம் என்று இருந்தது. பிரைட்னர் வரி மேலே போகப் போக ஏறியது. இந்தப் பிடித்தமோ எல்லோருக்கும் ஒரே விகிதம். சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகைக்குப் பிடித்தமே கிடையாது.