குழந்தை தவழ ஆரம்பிச்சாச்சா? ஃபயர்பிளேஸ் மேடைக்கு மெத்தை ஒட்டும் முன் கவனிக்க வேண்டியவை

அமெரிக்கா, கனடாவில் பல வீடுகளின் ஹாலில் ஃபயர்பிளேஸ் எனப்படும் கணப்பு அடுப்பு இருக்கும். அதன் முன்னால் செங்கல் அல்லது கல்லால் கட்டிய, நம்மூர் திண்ணையைப் போன்ற ஒரு மேடையையும் பார்க்கலாம். இதற்கு ஹார்த் என்று பெயர். பெரியவர்களுக்கு அது உட்கார வசதியான இடம். தவழத் தொடங்கிய குழந்தைக்கோ, நெற்றியை உடைக்கக்கூடிய கூர்மையான விளிம்பு.

அதனால்தான் குழந்தை உள்ள வீடுகளில் இந்த மேடையைச் சுற்றி ஃபோம் மெத்தை ஒட்டுகிறார்கள். ஆனால், 'மெத்தை ஒட்டியாச்சு, இனி பயமில்லை' என்று இருந்துவிட முடியாது. காரணம் என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

மேடை எதற்காக இருக்கிறது?

விறகு எரியும்போது தீப்பொறியும் கங்கும் வெளியே தெறிக்கும். அவை மரத்தரையிலோ கார்பெட்டிலோ விழுந்து தீப்பிடிக்காமல் இருக்கத்தான் இந்த மேடை. அமெரிக்காவின் பல மாகாணங்கள் பின்பற்றும் வீட்டுக் கட்டுமான விதிகளின்படி, செங்கல் கணப்பு அடுப்பின் வாய்க்கு முன்னால் குறைந்தது 16 அங்குலத்துக்கும், இரு பக்கமும் 8 அங்குலத்துக்கும் எரியாத பொருளால் ஆன தளம் இருக்க வேண்டும். அடுப்பின் வாய் 6 சதுர அடி அல்லது அதற்கு மேல் இருந்தால் இது 20, 12 அங்குலமாகக் கூடும்.

அதாவது, நெருப்பில் இருந்து வீட்டைக் காப்பாற்றுவதே இந்த மேடையின் வேலை. அதன் மீது எளிதில் எரியும் ஃபோமை ஒட்டிவிட்டு அடுப்பையும் மூட்டினால், அந்தப் பாதுகாப்பே இல்லாமல் போய்விடும்.

எந்த வயதில் ஆபத்து அதிகம்?

பெரும்பாலான குழந்தைகள் 8 முதல் 10 மாதங்களுக்குள் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகும். உயரம் குறைவான இந்த மேடை, பிடித்து நிற்கத் தோதான இடம். கை நழுவினால் வாய், தாடை, நெற்றி என எது வேண்டுமானாலும் விளிம்பில் மோதலாம். நடை பழகும் குழந்தை தடுமாறி விழும்போதும் இதே கதைதான். விளிம்பைவிட மூலைகள்தான் இன்னும் மோசம்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது என்ன?

கேள்வி ஒன்றுதான்: குழந்தை வளரும் இந்த ஓரிரு வருடங்களில் அந்த அடுப்பை மூட்டப் போகிறீர்களா, இல்லையா?

மூட்டப் போவதில்லை என்றால் மெத்தை சரியான தீர்வு. மூட்டுவோம் என்றால் மெத்தை வேண்டாம், தடுப்பு வேலிதான் வேண்டும். இரண்டுக்கும் நடுவில், 'எப்பவாவது ஒரு நாள்தானே' என்று மெத்தையை அப்படியே வைத்துக்கொண்டு தீ மூட்டுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. 'ஃபிளேம் ரிடார்டன்ட்' என்று அட்டையில் போட்டிருந்தாலும் அது தீப்பிடிப்பதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஃபோம் எரிந்தால் வரும் புகையும் நச்சு.

மெத்தை போடும் முன்

* விறகு அடுப்பு என்றால் சாம்பலை முழுவதுமாக அகற்ற வேண்டும். சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் சூடாக இருக்கும். அகற்றிய சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும்.

* கேஸ் அடுப்பு என்றால் கேஸ் வால்வை மூடி, பைலட் எனப்படும் சிறு சுடரும் அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாவி, ரிமோட் இரண்டையும் எடுத்து வைத்துவிடுங்கள்.

* பல வீடுகளில் கேஸ் ஃபயர்பிளேஸின் சுவிட்ச், சுவரில் லைட் சுவிட்ச் போலவே இருக்கும். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரில் இருந்து வந்திருக்கும் தாத்தா, பாட்டி தெரியாமல் அதைத் தட்டிவிட வாய்ப்பு உண்டு. அதை மூடி வைத்து, வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைப்பது அவசியம்.

* அடுப்பைக் கிளறும் இரும்புக் கம்பி, தீப்பெட்டி, லைட்டர் எதுவும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது.

மெத்தையை எப்படி ஒட்டுவது?

நீளத்தை அளந்த பிறகே வாங்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் ஃபோம் பட்டைகள் விளிம்புக்கும், தனியாக வரும் மூலைத் துண்டுகள் முனைகளுக்கும் பொருந்தும். கல் மேடையின் விளிம்பு சில இடங்களில் மிகவும் தடிமனாக இருக்கும். மெல்லிய பட்டை அங்கு உட்காராது.

செங்கல்லில் சொரசொரப்பும் தூசியும் இருப்பதால் டேப் சீக்கிரம் விட்டுவிடும். முதலில் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு ஒட்டி, சில நிமிடங்கள் அழுத்திப் பிடிக்க வேண்டும். வாடகை வீடு என்றால் கண்ணில் படாத ஓரத்தில் ஒரு சிறு துண்டை ஒட்டிப் பார்ப்பது நல்லது. பிய்க்கும்போது பசை கறையாகத் தங்கினால் அட்வான்ஸில் பிடித்துவிடுவார்கள்.

மேடையை முழுவதுமாக மூடும் மெத்தை உறையும் போடலாம். அப்போது கேஸ் அடுப்பின் காற்றுத் துளைகளை அடைக்கக் கூடாது.

மெத்தையிலும் இரண்டு சிக்கல்

ஒன்று, பல் முளைக்கும் குழந்தை ஃபோமைக் கடிக்கும். பிய்ந்த துண்டு தொண்டையில் அடைத்தால் மூச்சுத் திணறும். எனவே தினமும் ஒரு பார்வை பார்த்து, கடிபட்ட பட்டையை உடனே மாற்ற வேண்டும்.

இரண்டு, மெத்தை போட்ட மேடை குழந்தைக்கு ஏறி விளையாடும் இடமாகத் தோன்றும். விளிம்பில் மோதும் ஆபத்து குறைந்தாலும், மேலே ஏறிக் கீழே விழும் ஆபத்து அப்படியே இருக்கும்.

அடுப்பு எரியும் வீட்டில் என்ன செய்யலாம்?

மேடையைச் சுற்றி மூன்று பக்கமும் வரும் உலோகத் தடுப்பு வேலியை, இரு முனைகளிலும் சுவரோடு ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும். சும்மா நிறுத்தி வைத்த வேலியைக் குழந்தை இழுத்துத் தன் மேலேயே சாய்த்துக்கொள்ளும். அடுப்புக்கும் வேலிக்கும் எவ்வளவு இடைவெளி என்பது தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும்.

கேஸ் ஃபயர்பிளேஸின் முன்பக்கக் கண்ணாடி 500 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரை சூடாகக் கூடியது. அணைத்த பிறகும் நீண்ட நேரம் சுடும். ஆனால் பார்த்தால் தெரியாது. இப்படிச் சூடாகும் கண்ணாடி கொண்ட அடுப்புகள் தடுப்புத் திரையுடன் வர வேண்டும் என்ற தரவிதி அமெரிக்காவில் 2015 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முந்தைய அடுப்புகளில் திரை இல்லாமல் இருக்கலாம். தனியாக வாங்கி மாட்ட வேண்டும்.

அடிபட்டால், சுட்டுவிட்டால்?

தலையில் அடிபட்ட பிறகு மயக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, காது அல்லது மூக்கில் இருந்து தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே 911-ஐ அழைக்க வேண்டும். இவை இல்லாவிட்டாலும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

தீக்காயம் என்றால் குழாயில் வரும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் கட்டி, டூத்பேஸ்ட், இங்க், எண்ணெய், மாவு எதுவும் வேண்டாம். கைக்குழந்தைக்குத் தீக்காயம் சிறிதாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

மெத்தையோ வேலியோ, எது போட்டாலும் குழந்தையை அந்த ஹாலில் தனியாக விடக் கூடாது. மெத்தை ஒட்டிய வீட்டில் மீண்டும் தீ மூட்ட முடிவு செய்தால், ஒரு துண்டு ஃபோமும் விடாமல் பிய்த்தெடுத்து, ஒட்டியிருக்கும் டேப்பையும் சுரண்டிய பிறகே அடுப்பைத் தொட வேண்டும்.