பின்தொடர்பவனுக்கு எதிராக வழக்குத் தொடர முடியுமா?

"மிஸ், என்ர போனை நிப்பாட்டித்தான் வைச்சிருக்கிறன். ஏதும் தேவையெண்டால் பக்கத்து வீட்டு நம்பருக்கு எடுங்கோ."

2018 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வாழ்வாதார உதவிக்கான படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரி என்னிடம் இப்படிச் சொன்னார். வன்னியில் ஒரு மீள்குடியேற்றக் கிராமம். 2009 ஆம் ஆண்டு இறுதி யுத்தத்தில் கணவர் காணாமல் போய்விட்டார். இரண்டு பிள்ளைகளையும் வயோதிபத் தாயையும் தையல் வேலை செய்தே காப்பாற்றி வந்தார். தொலைபேசி இருந்தும் ஏன் நிறுத்தி வைத்திருக்கிறார் என்று கேட்டேன். பதில் வரவில்லை, அழுகைதான் வந்தது.

அவருடைய சம்மதத்துடனேயே இதனை எழுதுகிறேன். அவரை யாரும் இனங்காணாதிருக்கும் பொருட்டு சில விபரங்களை மாற்றியுள்ளேன்.

அதே ஊரில் வசதியும் செல்வாக்கும் உள்ள ஒருவர், குடும்பஸ்தர், மீள்குடியேறிய காலத்தில் இவருடைய கொட்டிலுக்குத் தகரம் ஏற்றிக் கொடுத்து உதவியிருக்கிறார். பிறகு காலையில் பஸ் தரிப்பிடத்தில் மோட்டார் சைக்கிளுடன் வந்து நிற்கத் தொடங்கினார். மாலையில் வேலை முடிந்து வரும்போது ஒழுங்கை வரை பின்னால் வந்தார். இரவு பத்து மணிக்குப் பின்னர் வெவ்வேறு இலக்கங்களிலிருந்து அழைப்பு. எடுத்தால் காது கூசும் கதை. எடுக்காவிட்டால் குறுந்தகவல். கடைசியில், "நீ ஆரோட போறாய் எண்டு ஊருக்குச் சொல்லுவன்" என்ற மிரட்டல்.

"உதவியை வாங்கினது என்ர பிழைதானே மிஸ்?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை. தகரம் வாங்கியது தகரத்துக்கான சம்மதம் மட்டுமே. உதவி பெற்ற பெண் உதவி செய்தவனுக்குக் கடன்பட்டவள் என்று எமது சமூகம் நினைக்கிறது. பெண்ணும் அப்படியே நினைக்கப் பழக்கப்பட்டிருக்கிறாள். பெண் தலைமை தாங்கும் குடும்பங்களில் இது இன்னும் அதிகம். வீட்டில் ஆண் இல்லை என்பதை ஊர் ஒரு திறந்த படலையாகவே பார்க்கிறது.

நான் செய்த பிழை

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்று, பல பயிற்சிப் பட்டறைகளிலும் கலந்துகொண்ட நான் அன்று சொன்ன ஆலோசனை என்ன தெரியுமா? "அந்த மெசேஜ் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு நம்பரை மாத்துங்கோ அக்கா. நிம்மதியா இருக்கலாம்." அவரும் அப்படியே செய்தார். பதினைந்து நாட்களில் புதிய இலக்கமும் அந்த நபருக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் பழைய குறுந்தகவல்கள் போய்விட்டன. பின்னர் வழக்கென்று வந்தபோது அவைதான் எமக்குத் தேவைப்பட்டன. நல்ல மனதோடு சொல்லப்படும் ஆலோசனையும் ஒரு பெண்ணின் சாட்சியத்தை அழித்துவிடலாம் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். அதனால்தான் இக்கட்டுரை.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

எமது தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டுக்குரியது. அதில் 'பின்தொடர்தல்' என்ற பெயரில் தனியான குற்றம் கிடையாது. இந்தியாவில் 2013 ஆம் ஆண்டில் அது தனிக் குற்றமாக்கப்பட்டது. இங்கிலாந்தில் 1997 ஆம் ஆண்டிலேயே துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் வந்து, 2012 ஆம் ஆண்டில் பின்தொடர்தலும் அதில் சேர்க்கப்பட்டது. தனித்தனியே பார்த்தால் அற்பமாகத் தெரியும் செயல்கள் திரும்பத் திரும்ப நடக்கும்போது அவற்றைச் சேர்த்து ஒரே குற்றமாகப் பார்ப்பதே இத்தகைய சட்டங்களின் பயன். எமது நாட்டில் ஒரு பெண், தனக்கு நடந்ததை இருக்கின்ற பிரிவுகளுக்குள் பொருத்திக் காட்ட வேண்டியுள்ளது.

அதற்காக வழியே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

முதலாவது, தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு. 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தினால் இது இன்றைய வடிவத்தைப் பெற்றது. உடலைத் தொட்டால் மட்டுமே குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சொல்லாலோ செயலாலோ ஒருவருக்குப் பாலியல் தொந்தரவு கொடுப்பதும் குற்றமே. ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை அல்லது தண்டப்பணம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படியும் நீதிமன்றம் கட்டளையிடலாம். அதிகாரத்தில் இருப்பவர் வேலைத்தலத்திலோ வேறெந்த இடத்திலோ விரும்பத்தகாத பாலியல் அணுகுமுறையில் ஈடுபடுவதும் இதில் அடங்கும்.

இரண்டாவது, குற்றவியல் ரீதியான மிரட்டல். 486 ஆம் பிரிவின்படி சாதாரண மிரட்டலுக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறை. கொலை செய்வேன், கடுங்காயம் விளைவிப்பேன் என்று மிரட்டினால் ஏழு ஆண்டுகள் வரை. ஒரு பெண்ணின் நடத்தைக்குக் களங்கம் கற்பிப்பேன் என்று மிரட்டுவதற்கும் அதே ஏழு ஆண்டுகள்தான். "ஊருக்குச் சொல்லுவன்" என்பது வெறும் வாய்ப்பேச்சு அல்ல.

மூன்றாவது, 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். பின்தொடர்பவர் கணவரோ, முன்னாள் கணவரோ, சேர்ந்து வாழ்ந்தவரோ, தந்தை, சகோதரன் போன்ற நெருங்கிய உறவினரோ ஆயின் இச்சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். முதலில் 14 நாட்களுக்கு இடைக்காலக் கட்டளையும், விசாரணையின் பின்னர் 12 மாதங்கள் வரைக்குமான கட்டளையும் பெற முடியும். பெண்ணைப் பின்தொடரக் கூடாது, அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போகக் கூடாது என்று அதில் தடை விதிக்கலாம். அதனை மீறினால் 10,000 ரூபா வரை தண்டம் அல்லது ஓராண்டு வரை சிறை அல்லது இரண்டும். அயலவருக்கும் அந்நியருக்கும் எதிராக இச்சட்டம் உதவாது.

கல்வி நிறுவனங்களில் நடப்பவற்றுக்கு 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் இருக்கிறது. வீட்டுத்திட்டத்துக்கோ உதவிப் பணத்துக்கோ கையொப்பமிடுவதற்காக ஓர் அரச உத்தியோகத்தர் பாலியல் ரீதியான இணக்கத்தைக் கேட்டால், அது 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் பாலியல் இலஞ்சமாகும். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு 1954 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம்.

பொலிஸ் நிலையத்தில்

இரண்டாவது இலக்கத்துக்கும் தொந்தரவு வரத் தொடங்கியபோது நாம் பொலிஸ் நிலையத்துக்குச் சென்றோம். கடமையிலிருந்த உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாது. அக்கா அழுதழுது அரைகுறையாகச் சொன்னதை இன்னொருவர் மொழிபெயர்க்க, அவர் சிங்களத்தில் எழுதி ஒப்பமிடச் சொன்னார். அக்கா பேனையைக் கையில் எடுத்துவிட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "ஒரு ஆள் போன் எடுக்குது" என்றார் மொழிபெயர்த்தவர். மூன்று மாதத் துன்பம் ஒரு வரியாகிவிட்டது.

1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. வாய்மூலம் கொடுக்கும் முறைப்பாட்டை, அது சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்ட வேண்டும். உத்தியோகத்தருக்கு அம்மொழி தெரியாவிட்டால், முறைப்பாட்டாளரையே அவருடைய மொழியில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். நாங்கள் இதனைப் பணிவாக எடுத்துச் சொன்னோம். வாங்கில் இருந்து அக்காவே தமிழில் நான்கு பக்கம் எழுதினார். திகதி, நேரம், இடம், சொன்ன வார்த்தைகள், பார்த்தவர்கள் எல்லாம் அதில் இருந்தன. எழுதி முடித்தபோது அவருடைய அழுகையும் நின்றிருந்தது.

ஆனால் அடுத்த நாள் நடந்தது விசாரணை அல்ல, சமாதானம். எதிராளி ஊர்ப் பெரியவர் ஒருவரோடு வந்தார். "பிள்ளை, அவருக்கும் குமர்ப் பிள்ளையள் இருக்குது. மன்னிச்சு விடு" என்றார் பெரியவர். இனித் தொந்தரவு செய்யமாட்டேன் என்று அந்த நபர் எழுதிக் கையொப்பமிட்டார். அக்காவும் சம்மதித்தார். நான் அவரைக் குறை கூறமாட்டேன். அந்த ஊரில்தானே அவர் வாழ வேண்டும்.

இரண்டு மாதங்களுக்குப் பிறகு மறுபடியும் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம். இம்முறை நாங்கள் எதனையும் அழிக்கவில்லை. அக்கா ஒரு கொப்பியில் ஒவ்வொரு சம்பவத்தையும் திகதி, நேரத்தோடு எழுதினார். பஸ் தரிப்பிடத்துக்கு அருகே கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர், தான் கண்டதைச் சொல்ல முன்வந்தார். முன்னர் எழுதிக் கொடுத்த உறுதிமொழியும் எமக்குச் சாதகமாக அமைந்தது. இன்னாரைத் தெரியாது என்று அந்த நபரால் இனிச் சொல்ல முடியாது. பொலிஸார் நீதவானின் கட்டளையைப் பெற்று அழைப்பு விபரங்களை எடுத்தார்கள். வழக்கும் தாக்கலானது.

நீதிமன்றத்தில்

வழக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சென்றது. தவணைக்கு மேல் தவணை. ஒவ்வொரு தவணைக்கும் அக்காவுக்கு ஒரு நாள் சம்பளம் போனது. கொரோனாக் காலத்தில் நீதிமன்றமும் இயங்கவில்லை. மாமியார் வீட்டார், "என்ர பிள்ளை திரும்பி வந்தால் என்ன முகத்தோட நிப்பாய்?" என்று கேட்டார்கள். மகளுக்குப் பாடசாலையில் பட்டப்பெயர் வைத்தார்கள். வழக்கைக் கைவிடுவோம் என்று மூன்று தடவை அக்கா என்னிடம் வந்தார். மூன்று தடவையும் தேநீர் குடித்து, பேசி, முடிவை அவரிடமே விட்டேன். மூன்று தடவையும் அடுத்த தவணைக்கு அவர் வந்திருந்தார்.

2021 ஆம் ஆண்டில் எதிராளி குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை, தண்டப்பணம், அக்காவுக்கு நட்டஈடு. அந்த நபர் சிறைக்குப் போகவில்லை என்பதில் எனக்கு ஏமாற்றந்தான். அக்காவோ வேறு விதமாகச் சொன்னார்: "மிஸ், நான் பொய் சொல்லேல்லை எண்டு கோட்டில எழுதியாச்சு. எனக்கு அது காணும்."

சகோதரிகளே, நினைவில் வைத்திருங்கள்

ஒரு குறுந்தகவலையும் அழிக்காதீர்கள். இலக்கத்தை மாற்றினாலும் பழைய சிம்மையும் தொலைபேசியையும் பத்திரமாக வைத்திருங்கள். 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் ஒலிப்பதிவுகளையும் கணினிப் பதிவுகளையும் சாட்சியமாக ஏற்க இடமளிக்கிறது. அதற்கு விசாரணைத் திகதிக்கு 45 நாட்களுக்கு முன்பே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். எனவே உங்களிடம் உள்ளதை ஆரம்பத்திலேயே பொலிஸாரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு கொப்பியில் திகதி, நேரம், இடம், பார்த்தவர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். நம்பிக்கையான ஒருவரிடமாவது உடனே சொல்லுங்கள்.

பொலிஸ் நிலையத்துக்குத் தனியே போகாதீர்கள். பெண்கள் மற்றும் சிறுவர் பிரிவில் பெண் உத்தியோகத்தர் இருந்தால் அவரிடம் பேசக் கேளுங்கள். உங்களுக்கு விளங்காத மொழியில் எழுதியதில் ஒப்பமிடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பொலிஸார் வழக்குத் தாக்கல் செய்யாவிட்டால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 136 ஆம் பிரிவின் கீழ் நீங்களே நீதவானிடம் தனிப்பட்ட முறைப்பாடு செய்ய முடியும். இதற்கு ஒரு சட்டத்தரணியின் உதவி தேவை. வசதியற்றவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

முறைப்பாடு செய்ததற்காக மிரட்டப்பட்டால் அதுவும் குற்றம். 2015 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம், குற்றத்தினால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புக் கோரும் உரிமையைத் தருகிறது.

அவசரத்துக்கு 119, பொலிஸ் பெண்கள் சிறுவர் பணியகத்துக்கு 109, மகளிர் உதவிச் சேவைக்கு 1938.

ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015 ஆம் ஆண்டில் இலங்கையில் மேற்கொண்ட ஆய்வில், பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொந்தரவுக்கு உள்ளானதாக 90 சதவீதமான பெண்கள் கூறியிருந்தனர். பொலிஸாரின் உதவியை நாடியவர்கள் 4 சதவீதமே. மற்றவர்களுக்குத் தைரியம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஷெல்லடிக்குள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த பெண்களுக்குத் தைரியத்தைப் பற்றி யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. அவர்களுக்குத் தேவையானது வழி தெரிந்த ஒருவரின் துணை.

கடந்த மாதம் அக்காவைத் தையல் நிலையத்தில் சந்தித்தேன். பேசிக்கொண்டிருக்கையில் அவருடைய தொலைபேசி ஒலித்தது. எடுத்து, "ஹலோ" என்று உரத்த குரலில் பேசினார். பிறகு என்னிடம் திரும்பி, தன்னோடு வேலை செய்யும் தங்கச்சி ஒருத்திக்கும் இதே பிரச்சினை, நாளை அவளோடு பொலிசுக்குத் தான் போகப்போவதாகச் சொன்னார்.

"நான் வரவோ அக்கா?" என்று கேட்டேன்.

"தேவையில்லை மிஸ். எனக்கு வழி தெரியும்."