ஒரே ஒரு படம் தரும் அச்சு

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கடைகளில் நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் படம் வரையும் ஆசை உள்ளவர்களும் உண்டு. லீவு நாளில் கொழும்பில் ஒரு அச்சுக்கலைப் பயிற்சிக்குப் போகட்டுமா என்று பிள்ளை கேட்டால், காசு வீணாகுமோ என்று பெற்றோர் யோசிப்பது நியாயம்தான். இந்தக் கலையில் செலவு குறைந்த முறை 'மோனோபிரிண்ட்', அதாவது ஒற்றை அச்சு. அது என்னவென்று தெரிந்துகொண்டால் பதில் சொல்வது சுலபம்.

தேயிலை பலகைப் பெட்டியில் போன காலம் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தோட்டத்தின் பேரைத் தகரத்தில் வெட்டி, பெட்டியின் மேல் வைத்துக் கறுப்பு மை பூசுவார்கள். தகரம் ஒன்றுதான், ஆயிரம் பெட்டியிலும் அதே எழுத்து. ஒற்றை அச்சு இதற்கு நேர்மாறு. தட்டில் வெட்டு இல்லை, கீறல் இல்லை. படம் மையிலேதான் இருக்கிறது. தாளில் எடுத்ததும் அது தாளோடு போய்விடும்.

செய்யும் விதம் இதுதான். ஓரத்தில் டேப் ஒட்டிய கண்ணாடித் துண்டு அல்லது வழுவழுப்பான பிளாஸ்டிக் தட்டில் ரோலரால் மையை மெல்லிசாக உருட்ட வேண்டும். மை தடித்தால் தாளில் அப்பிக்கொள்ளும். புதிதாகப் பழகுகிறவர்களின் படம் கெடுவது பெரும்பாலும் இதனால்தான். பிறகு துணியால் துடைத்தும், ஈர்க்கால் கீறியும் வெளிச்சத்தைக் கொண்டுவரலாம். கொழுந்தையோ பன்னத்தையோ மையின் மேல் வைத்தால், அந்த இடம் வெள்ளையாக விழும். மேலே தாளை வைத்து, கரண்டியின் முதுகால் நிதானமாகத் தேய்த்து, ஒரு மூலையிலிருந்து உரிக்க வேண்டும். படம் இடம் வலம் மாறி வரும். ஆகவே பேர் எழுதுவதானால் தலைகீழாகப் பார்த்து எழுத வேண்டும், கண்ணாடியில் தெரிவதுபோல.

இன்னொரு வழி ஆபீஸில் பில் எழுதும் காபன் தாள் மாதிரி. மை பூசிய தட்டில் தாளை மெதுவாக வைத்து, அதன் முதுகில் பென்சிலால் வரைய வேண்டும். அழுத்திய கோடு மட்டும் அடியில் பதியும். பிரான்ஸ் ஓவியர் கோகன் 1900 வாக்கில் இப்படிப் பல படங்கள் செய்திருக்கிறார். அவருக்கு முன்பே, 1870களில் டெகா என்பவர், முதல் படம் எடுத்தபின் தட்டில் மிஞ்சிய மங்கலான மையிலிருந்து இரண்டாவது தாளையும் எடுத்து, அதன்மேல் வண்ணம் தீட்டினார். நம்ம பிள்ளைகளும் அந்த மங்கலை வீசிவிட வேண்டாம். பல நேரம் அதுதான் அழகாக இருக்கும், மூடுபனிக்குள் மலையைப் பார்த்தது மாதிரி.

தண்ணீரில் கரையும் மை நல்லது. கொழும்பு வெயிலில் அது தட்டிலேயே காய்ந்துவிடும், சுறுக்காக வேலை செய்ய வேண்டும். மலையில் குளிரும் ஈரமும் இருப்பதால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். எண்ணெய் மை என்றால் தின்னர், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். அடுப்பு எரிகிற லயத்துக் காம்பராவில் அது ஆபத்து. சமையல் எண்ணெயால் துடைத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும்.

பணம் கட்டுமுன் சில விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். தாளும் மையும் கட்டணத்தில் சேருமா? தமிழில் விளங்கப்படுத்துவார்களா? பிள்ளை தன் கையாலேயே ரோலர் பிடிக்குமா, அல்லது பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதா? ஒரு நாள் பயிற்சியால் வேலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் வீட்டுக்கு வந்து தங்கச்சி தம்பிக்குச் சொல்லிக் கொடுக்க அந்த ஒரு நாள் போதும்.

விற்பனை எப்படி நடக்கிறதென்று பார்க்க விரும்பினால், 1993இல் ஜோர்ஜ் கீற் மன்றம் ஆரம்பித்த 'கலா பொல' என்ற திறந்தவெளி ஓவியச் சந்தை கொழும்பில் உண்டு. ஓவியர்களே வீதியோரம் நின்று விற்பார்கள். ஒற்றை அச்சை விற்கும்போது படத்துக்குக் கீழே பென்சிலால் 1/1 என்று போட்டுக் கையெழுத்திடுவது வழக்கம்; இதற்கு இன்னொரு பிரதி இல்லை என்று அர்த்தம்.